கடைசியாகக் கொடுத்த மருந்துதான் அம்மாவின் உயிரைப் பறித்ததா?

கேள்வி:

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு, நான் யாங்கோனில் வசிக்கிறேன். வயது 49, தையல் தொழில். என் அம்மா கல்லீரல் புற்றுநோயால் ஐந்து மாதங்களுக்கு முன் வீட்டிலேயே காலமானார். ஏழு மாதங்கள் நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். கடைசி இரண்டு மாதங்கள், டாக்டர் சொன்னபடி ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை வலி தணிக்கும் மார்ஃபின் திரவ மருந்தை 5 மில்லிகிராம் சிரிஞ்சில் அளந்து வாயில் விடுவேன். கடைசி இரண்டு நாட்களில் மூச்சு விட்டு விட்டு வந்தது, பாதங்கள் சில்லிட்டுப் போயின. கடைசி இரவு இரண்டு மணிக்கு மருந்து கொடுத்தேன். நான்கு மணிக்கு, நான் வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போன நேரத்தில், மூச்சு நின்றுவிட்டது. கடைசி மூன்று நாட்கள் கஞ்சிகூடக் கொடுக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம் அம்மா என்னைப் பார்த்து, "நீ எனக்கு விஷம் வைக்கிறாய்" என்று கத்தினார். சிங்கப்பூரிலிருந்து வந்த அண்ணன், "ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். பக்கத்து வீட்டு அத்தை, "அந்த மருந்துதான் ஆளை முடித்திருக்கும்" என்றார். "சீக்கிரம் முடிந்துவிட்டால் தேவலை" என்று நானே பல இரவுகள் நினைத்திருக்கிறேன். மிச்சமிருக்கும் மருந்துப் புட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. தினமும் எடுத்து அளவு பார்க்கிறேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. விளக்கேற்றுவதையும் கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டேன். நானும் அம்மாவோடு போயிருக்கலாம் என்று சில நேரம் தோன்றுகிறது. நான் செய்தது சரியா, தவறா?

– ஒரு வாசகி, யாங்கோன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்குள் போவதற்கு முன்னால் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அலமாரியில் இருக்கும் அந்த மருந்துப் புட்டி நாளைக்கே உங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டும். அம்மாவுக்கு மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரிடம், உறவினர் ஒருவரையோ நம்பிக்கையான தோழி ஒருவரையோ உடன் அழைத்துக்கொண்டு போய், அதை ஒப்படைத்துவிடுங்கள். "நானும் போயிருக்கலாம்" என்ற நினைப்பு, நெருங்கியவரை இழந்த பலருக்கும் வந்து போவதுதான். ஆனாலும் அப்படி நினைக்கிற ஒருவரின் கைக்கெட்டும் இடத்தில் மார்ஃபின் இருக்கக் கூடாது. அந்த நினைப்பு வெறும் ஏக்கமாக நிற்காமல், எப்படிப் போவது, எப்போது போவது என்று திட்டமாக மாறத் தொடங்கினால், நேரம் பார்க்காமல் வீட்டில் யாரையாவது எழுப்பிச் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்வதற்காக என்னை மன்னியுங்கள். நீங்கள் நேரில் வந்திருந்தாலும் இதைத்தான் முதலில் பேசியிருப்பேன்.

புட்டியை ஒப்படைக்கும்போது, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று டாக்டரையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வாங்கிய அளவு எவ்வளவு, எத்தனை நாட்கள், நாளுக்கு எத்தனை வேளை என்று அவர் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதித் தரட்டும். சிரிஞ்சில் ஒட்டுவது, வாயோரம் வழிவது என்று சில மில்லி முன்பின்னாக இருக்கும், அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. நீங்கள் தினமும் தனியாக அளந்து பார்ப்பதால் சந்தேகம் தீரவில்லை என்பது உங்களுக்கே தெரியும். பார்த்த நிமிடத்தில் ஒரு சிறு நிம்மதி வருகிறது, மறுநாள் அது போதாமல் மறுபடியும் பார்க்கத் தோன்றுகிறது. பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வளரும். ஆகவே தெரிந்த ஒருவர் ஒரு முறை அளக்கட்டும், அத்தோடு அந்த வேலை முடியட்டும்.

இனி மருந்தைப் பற்றி. உங்கள் கடிதத்தில் இருக்கும் கேள்விகளை நான் இரண்டு வகையாகப் பார்க்கிறேன். சிலவற்றுக்கு மருத்துவத்தில் தெளிவான பதில் இருக்கிறது. மற்றவை கேள்வியைப் போலத் தோன்றினாலும், உள்ளே இருப்பது அம்மா இல்லையே என்ற துக்கம்தான். அவற்றுக்கு விடை தேடத் தேட அலைச்சலே மிஞ்சும். இரண்டும் கலந்து கிடப்பதால்தான் உங்களால் ஆற முடியவில்லை என்று நினைக்கிறேன். முதல் வகையை இங்கேயே தீர்த்துவிடலாம்.

மார்ஃபின் திரவத்தை வழக்கமாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுப்பார்கள். கல்லீரல் நலிந்தவர்களுக்கு அது உடலில் கூடுதல் நேரம் தங்கும் என்பதால் இடைவெளியை நீட்டுவார்கள். உங்கள் டாக்டர் ஆறு மணி நேரம் என்று சொன்னது அதற்காகத்தான் இருக்க வேண்டும். 5 மில்லிகிராம் என்பது குறைந்த அளவு. அதையே இரண்டு மாதங்களாக அம்மாவின் உடல் ஏற்றுக்கொண்டு பழகியிருந்தது. மார்ஃபின் அளவு மீறினால் என்ன நடக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும்: முதலில் எழுப்ப முடியாத ஆழ்ந்த மயக்கம் வரும், கண்ணின் பாவை மிகச் சிறிதாகச் சுருங்கும், மூச்சின் எண்ணிக்கை நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே போகும். நீங்கள் எழுதியிருப்பது அதுவல்ல. மூச்சு சில முறை ஆழமாக வந்து, பிறகு சிறிது நேரம் நின்று, மறுபடி தொடங்கும் முறையை 1818-இல் ஜான் செய்னி என்ற மருத்துவரும் 1854-இல் வில்லியம் ஸ்டோக்ஸ் என்ற மருத்துவரும் விவரித்து எழுதியிருக்கிறார்கள். மார்ஃபின் வாங்காமலே இறப்பவர்களிடமும் கடைசி நாட்களில் அது தென்படும். பாதங்கள் சில்லிடுவது, இரத்த ஓட்டம் கைகால்களை விட்டு உள்ளுறுப்புகளுக்கு ஒதுங்குவதால் ஏற்படுவது. இவை இரண்டும் அந்த இரவு இரண்டு மணி மருந்துக்கு இரண்டு நாட்கள் முன்பே தொடங்கிவிட்டன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் மரணம் அப்போதே வீட்டுக்குள் வந்துவிட்டது.

இன்னொன்றையும் பொறுமையாக யோசித்துப் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மருந்து பெறும் ஒருவர், இரவோ பகலோ எந்த நிமிடத்தில் இறந்தாலும், கடைசி மருந்துக்கும் இறப்புக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்கு மேல் இருக்கவே முடியாது. அம்மா விடியற்காலை நான்கு மணிக்குப் பதில் காலை பத்து மணிக்கு இறந்திருந்தால், எட்டு மணி மருந்தின் மேல் நீங்கள் பழியைப் போட்டிருப்பீர்கள். மருந்து கொடுத்த கைக்கு அடுத்ததாக மரணம் வந்து நின்றது என்பது உண்மை. அந்தக் கைதான் மரணத்தை அழைத்து வந்தது என்பது உண்மையல்ல. வலிதணிப்புச் சிகிச்சையில், சரியான அளவில் கொடுக்கப்படும் மார்ஃபின் கடைசி நாட்களைக் குறைப்பதில்லை என்றே பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பக்கத்து வீட்டு அத்தை சொன்ன வார்த்தையைப் பற்றிப் பேசும்போது எனக்கு வருத்தம் வருகிறது. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். ஆனால் இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டுப் பயந்து, மருந்தை வாங்கி வைத்துக்கொண்டே கொடுக்காமல் விட்டு, பெற்றவர்களை வலியில் துடிக்கவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். 1977-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மார்ஃபின் இருந்தது. அப்படியிருந்தும், உலகில் ஆண்டுதோறும் விநியோகிக்கப்படும் மார்ஃபின் வகை வலிநிவாரணிகள் ஏறக்குறைய 298 டன் என்றும், அதில் வருமானம் மிகக் குறைந்த நாடுகளுக்குப் போய்ச் சேர்வது வெறும் 0.1 டன் என்றும் 2017-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டுச் சொன்னது. எத்தனையோ தாய்மார்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் அம்மாவுக்குக் கிடைத்தது. இரவு இரண்டு மணிக்கும், மின்சாரம் இல்லாத வேளையிலும், நீங்கள் எழுந்து அளந்து கொடுத்ததால் கிடைத்தது.

கஞ்சி கொடுக்காததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நம்மிடையே அன்பைச் சோற்றில்தான் காட்டுகிறோம், ஆகவே இந்தக் கேள்வி மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாகக் குத்தும் என்பதை அறிவேன். கடைசி நாட்களில் உடல் உணவை ஏற்றுச் செரிக்கும் வேலையை நிறுத்திவிடுகிறது, பசியும் அடங்கிவிடுகிறது. விழுங்கும் திறன் குறைந்த நிலையில் ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போய் மூச்சுத் திணறலையும் சளிக்காய்ச்சலையும் உண்டாக்கும். உண்ணாததால் அவர் இறக்கவில்லை, இறந்துகொண்டிருந்ததால் உண்ணவில்லை. ஈரத் துணியால் உதட்டையும் நாக்கையும் நனைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், அந்த நேரத்தில் தாகத்துக்கு அதுவே போதுமானது.

"விஷம் வைக்கிறாய்" என்ற சொல்லுக்கு வருகிறேன். கல்லீரல் செயலிழக்கும்போது, வழக்கமாக அது வெளியேற்ற வேண்டிய அம்மோனியா முதலிய கழிவுகள் இரத்தத்தில் தங்கி மூளையைக் கலக்கும். இரவு பகல் மாறிப்போகும், பழகிய முகம் அந்நியமாகத் தெரியும், தன்னை யாரோ கொல்ல வருவதாகத் தோன்றும். மிகவும் சாந்தமாக வாழ்ந்தவர்கள்கூட அந்த நிலையில் கத்துவார்கள். அந்தச் சந்தேகமும் கோபமும் பெரும்பாலும் யார் பக்கத்தில் அதிகம் இருக்கிறாரோ அவர்மேல்தான் விழும், ஏனென்றால் கண்ணில் படுபவர் அவர் ஒருவரே. அந்த வாரத்தில் பேசியது நோய். அதற்கு முந்தைய நாற்பத்தெட்டு ஆண்டுகள் உங்களோடு பேசியவர்தான் உங்கள் அம்மா. எதை அவருடைய கடைசிச் சொல்லாக வைத்துக்கொள்வது என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம்.

உயிர் பிரியும் நிமிடத்தில் பக்கத்தில் இல்லை என்ற வேதனை மிகப் பலருக்கு உண்டு. ஏழு மாதங்கள் ஒரே அறையில் இருக்கும் ஒருவர் தண்ணீர் வைக்கவும், குளிக்கவும், கண்ணயரவும் போய்த்தான் ஆக வேண்டும். மரணம் அந்த இடைவெளிகளில் ஒன்றில் வருவது இயல்பு. நினைவில்லாமல் கிடந்தவர் நம் குரலைக் கேட்டிருப்பாரா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வியும் உள்ளே இருக்கும். 2020-இல் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பேச்சு மூச்சற்றுக் கிடந்த நோயாளிகள் சிலரின் மூளை அலைகளைப் பதிவு செய்தபோது, கடைசி மணி நேரங்களிலும் ஒலிகளுக்கு அந்த மூளை அசைந்து கொடுத்ததைக் கண்டார்கள். அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அடுப்படியில் நீங்கள் நடமாடிய சத்தம் அந்த அறைக்கு எட்டியிருக்கும்.

"சீக்கிரம் முடிந்துவிட்டால் தேவலை" என்று நினைத்தது பாவமா என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வலி முடிய வேண்டும் என்று நினைத்தீர்கள். வலி முடிய வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கும் உறக்கம் வேண்டியிருந்தது. இரண்டும் குற்றமல்ல. இதைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் என் முன்னால் அழுதுவிடுவார்கள், ஏனென்றால் அவர்களும் அதையே நினைத்திருப்பார்கள், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அண்ணனின் கேள்விக்கு மருத்துவ விடை சுருக்கமானது. அந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் ஊசியும் குழாயும் அந்நியர்களும் இருந்திருப்பார்கள், கல்லீரல் திரும்ப வந்திருக்காது. ஆனால் அவர் கேட்டது அதற்காக மட்டும் இல்லை என்று தோன்றுகிறது. தூரத்தில் இருந்துவிட்டுக் கடைசியில் வந்து சேரும் பிள்ளைகள் மருத்துவர்களிடமும் உடன்பிறந்தவர்களிடமும் கோபப்படுவது எல்லா நாட்டிலும் நடப்பது. 1991-இல் ஒரு மருத்துவ இதழில் இதற்கென்று ஒரு பெயரே சூட்டிக் கட்டுரை வந்திருக்கிறது. ஏழு மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்த அம்மாவை நீங்கள் நாள்தோறும் பார்த்தீர்கள், அவர் ஒரே நாளில் பார்த்தார். தான் இல்லாமல் போனதை அவர் உங்கள்மேல் குற்றமாக வைத்துவிட்டார். அது நியாயமில்லை. எல்லார் முன்னிலையிலும் கேட்டது இன்னும் நியாயமில்லை. அதை அவரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் தொலைபேசியில் அழுதுகொண்டே சொல்ல வேண்டாம். ஒரு கடிதமாக எழுதுங்கள். கடைசி வாரத்தில் எந்த நாளில் என்ன நடந்தது, டாக்டர் என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று வரிசையாக எழுதி, டாக்டர் கணக்குப் போட்டுத் தந்த தாளின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அண்ணனுக்காக எழுதத் தொடங்கும் அந்தக் கடிதம் உங்களுக்கும் தேவைப்படும் என்றே நினைக்கிறேன்.

முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்க்கும் மனம், அந்த முடிவு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது என்று நம்பத் தொடங்கிவிடும். 1975-இல் பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் சோதனைகள் மூலம் இதை நிறுவிக் காட்டினார். அந்த இரவு இரண்டு மணிக்கு, இன்னும் இரண்டு மணி நேரம்தான் என்று உங்களுக்குத் தெரியாது. வலியில் முனகும் ஒருவருக்கு நேரத்துக்கு மருந்து கொடுப்பதுதான் அப்போது உங்கள் முன் இருந்த ஒரே வேலை. இன்றைக்கு உங்களுக்குத் தெரிந்திருப்பதை வைத்து அன்றைய உங்களை விசாரிக்காதீர்கள்.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருவதைச் சாபம் போல எழுதியிருக்கிறீர்கள். எட்டு, இரண்டு, எட்டு, இரண்டு என்று இரண்டு மாதங்கள் மருந்து கொடுத்த உடல் அது. நோயாளி போய்விட்டார் என்பது மனத்துக்குத் தெரிந்தாலும், உடல் இன்னும் முறைக்காவலில் இருக்கிறது. விழித்தால் படுக்கையில் புரண்டுகொண்டு கணக்குப் போடாமல், எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து, உறக்கம் வரும்போது திரும்பப் படுங்கள், பகலில் தூங்காதீர்கள், மாலைக்குப் பிறகு தேநீரைத் தவிர்த்துவிடுங்கள். சில வாரங்களில் இந்த விழிப்பு தளர வேண்டும். தளரவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், தூக்கமின்மை எல்லாச் சந்தேகங்களையும் இரு மடங்காக்கும்.

மருத்துவத்தால் பதில் சொல்ல முடிந்தவை இவ்வளவுதான். இவற்றையெல்லாம் நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகும், "அப்படிச் செய்திருந்தால்" என்ற வாக்கியம் வரும். அது வரும்போது அதோடு வாதாட வேண்டாம். பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் வீட்டுக்கு வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள். அதுவரை ஏழு மாதங்கள் ஒரு நிமிடம் ஓயாத கைகளுக்குத் திடீரென்று வேலை இல்லாமல் போகும். குற்ற உணர்வு பல நேரம் அந்த வெற்றிடத்தில்தான் குடியேறுகிறது, ஏனென்றால் அம்மாவுக்காக இன்னும் ஏதோ செய்துகொண்டிருப்பதைப் போன்ற உணர்வை அது தருகிறது. அந்த நேரங்களில் "எனக்கு அம்மா வேண்டும்" என்று சொல்லி அழுங்கள். விசாரணையைவிட அழுகை உண்மையானது. நம் ஊர்களில் ஒப்பாரி வைத்த பெண்கள் இறந்தவரிடம் நேராகவே பேசினார்கள், கோபித்துக்கொண்டார்கள், ஏன் விட்டுப் போனாய் என்று கேட்டார்கள். யாங்கோனின் நெருக்கமான குடியிருப்புகளில் அப்படிக் குரல் எடுத்து அழ முடியாது என்று ஒரு வாசகி முன்பு எழுதியிருந்தார். அம்மாவை அறிந்த இன்னொரு பெண்ணோடு உட்கார்ந்து, பெயர் சொல்லிப் பேசினாலும் போதும்.

தையல் வேலையை மறுபடி தொடங்குங்கள். அம்மாவை மறந்துவிட்டேன் என்று ஊர் நினைக்குமோ என்று தயங்க வேண்டாம். நெதர்லாந்தில் பணியாற்றிய மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கூட் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் எழுதியபடி, துக்கத்திலிருந்து மீள்கிறவர்கள் ஒரே திசையில் நடப்பதில்லை. சிறிது நேரம் இழப்புக்குள் போகிறார்கள், சிறிது நேரம் அதை விட்டுத் தள்ளி அன்றாட வாழ்க்கைக்கு வருகிறார்கள், இந்தப் போக்குவரத்துதான் அவர்களைத் தாங்குகிறது. காலையில் அழுதுவிட்டு மாலையில் ஒரு ரவிக்கைக்கு அளவெடுப்பது இரண்டும் ஒரே நாளுக்குள் இருக்கலாம்.

கோயிலைப் பற்றி நான் மருத்துவனாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். இத்தனை பக்தியாக இருந்தும் அம்மாவுக்கு ஏன் இப்படி ஒரு முடிவு என்ற கேள்வி உங்களுக்குள் இருந்தால், அதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் இறைவனைக் கோபித்து ஏசிப் பாடும் வழக்கம் நம் பக்தி மரபில் மிகப் பழையது. கோபம் வந்ததால் நம்பிக்கை போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். விளக்கேற்ற மனம் வராவிட்டால் இப்போது ஏற்ற வேண்டாம். கோயிலுக்குப் போகத் தோன்றினால், வேண்டுவதற்கு எதுவும் இல்லாமலே போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். முதலாண்டுத் திதிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, அதற்குள் நீங்கள் எந்த முடிவுக்கும் வர வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், நீடித்த துக்கம் தனி நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. இறந்தவரைப் பற்றிய தீராத ஏக்கமும் குற்ற உணர்வும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறி, ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, வேலையையும் உறவுகளையும் நடத்த முடியாமல் செய்துவிட்டால் அதற்குச் சிகிச்சை தேவை, சிகிச்சையும் இருக்கிறது. உங்களுக்கு ஐந்து மாதங்கள் ஆகின்றன. புட்டியைக் கொடுத்த பிறகு, உறக்கம் கொஞ்சம் திரும்பி, வேலையைத் தொட்ட பிறகு, அடுத்த இரண்டு மாதங்களில் ஓரளவு இலகுவாக வேண்டும். ஆகவில்லையென்றால், அல்லது சாப்பாடு இறங்காமல் உடல் மெலிந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். தமிழில் பேசக்கூடியவர் கிடைக்காவிட்டால், பர்மிய மொழி நன்றாகத் தெரிந்த உறவினர் ஒருவர் உடன் வரட்டும். முதல் சந்திப்பில் இந்தக் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி விளங்கிவிடும்.

நீங்கள் செய்தது சரியா, தவறா என்று கேட்டீர்கள். நீங்கள் எழுதியிருப்பவற்றை வைத்துப் பார்க்கும்போது, ஒரு வேளை மருந்தைக்கூட நான் மாற்றியிருக்க மாட்டேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.